பெனிட்டாவின் குரலுக்கு ஒரு மிக்ஸர்

பெனிட்டா ஆறு வயதில் காய்ச்சல் கண்டு இறந்தபோது அவளுடைய குரல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. மற்ற பிள்ளைகளின் குரல் வளர்வதைப் போலவே அதுவும் வளர்ந்தது. மழலை போயிற்று. கொஞ்ச காலம் 'ற' வராமல் சிரமப்பட்டது, பிறகு அதுவும் வந்தது. அம்மா எஸ்தர் பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசிக்க, கேட்டுக் கேட்டே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து முடித்தது. பெரம்பூரில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் அது பெரும்பாலும் ஜன்னல் பக்கம் இருக்கும்.

அப்பா மாசிலாமணி பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரு மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, நான் பாட்காஸ்ட் ஆரம்பிக்கப்போறேன்" என்றாள் பெனிட்டா.

"எதைப் பத்தி?"

"சாப்பாட்டைப் பத்தி. யாராவது எதிர்ல உட்காந்து சாப்பிடணும். நான் கேள்வி கேப்பேன். எப்படியிருக்குன்னு அவங்க சொல்லணும்."

ஆறு வயதுக்குப் பிறகு அவள் எதையும் சாப்பிட்டதில்லை. மாசிலாமணி ரசம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு மைக், வருகிறவருக்கு ஒரு மைக், இரண்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஓர் ஆடியோ மிக்ஸர் என்று அவளே விவரம் சொன்னாள். எஸ்தர் அவர் தட்டில் அப்பளத்தை வைத்தாள்.

சனிக்கிழமை அவர் ரிச்சி தெருவுக்குப் போனார். கடைக்காரர் நவாஸ் மூன்று மிக்ஸர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கச்சேரிக்கா, வீட்டுக்கா சார்?"

"வீட்டுக்குதான் பாய். பொண்ணு பாட்காஸ்ட் பண்ணப்போறா."

நவாஸ் பெரியதை உடனே ஓரமாகத் தள்ளினார். "பன்னெண்டு மைக் மாட்டுறது உங்களுக்கு எதுக்கு? வீணா காசைக் கொட்டாதீங்க." அடுத்ததில் எதிரொலி முதலான மேடை ஜாலங்கள் எல்லாம் இருந்தன. வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்றார். மூன்றாவது டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. இரண்டு மைக் மாட்டலாம். கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வயர். ஒவ்வொரு மைக்குக்கும் கெயின் என்று ஒரு திருகு. குரலை எவ்வளவு உள்ளே இழுக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

"பொண்ணுக்கு உடம்பு இருக்கா சார்?"

"இல்ல பாய். குரல் மட்டும்தான்."

நவாஸ் மிக்ஸர்மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "அப்ப கண்டென்சர் மைக் எடுத்துக்குங்க. மெல்லிசா பேசினாலும் பிடிச்சிடும். அதுக்கு வேண்டிய கரண்டை இந்த மிக்ஸரே குடுக்கும். ஆனா ஒண்ணு. உடம்பு இருந்தா குரல் ஊறிக்கிட்டே இருக்கும். இல்லாத குரல் ஊறாது. மிக்ஸருக்குள்ள போனது கேக்கறவங்ககிட்ட போயிடும். வீட்டுல அவ்வளவு குறைஞ்சிடும்."

"மெதுவாப் போற மாதிரி ஏதாவது மிக்ஸர் இருக்கா?"

"விலை கூடினாலும் குறைஞ்சாலும் எல்லாம் ஒரே வேகம்தான் சார்."

மாசிலாமணி இரண்டு மைக்கும் ஸ்டாண்டும், மிக்ஸரில் சின்னதையும் வாங்கினார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் நவாஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார்.

"அம்மா, வேணாம்னா வேணாம்" என்றாள் பெனிட்டா, ஜன்னல் பக்கமிருந்து.

எஸ்தர் மிக்ஸரை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். "இத்தனை வருஷமா நம்ம ரெண்டு பேருகிட்ட மட்டும்தானேங்க பேசிட்டிருக்கா" என்றாள். பிறகு மைக் ஸ்டாண்டைத் தானே பிரித்து, ஜன்னலுக்கு நேராக நிறுத்தினாள்.

முதலில் மாடி வீட்டு ஹேமலதா வந்து நுங்கு சாப்பிட்டாள்.

"தொண்டையில இறங்கறப்ப குளிருமா, வழுக்குமா?" என்று பெனிட்டா கேட்டாள்.

ஹேமலதா இன்னொரு நுங்கை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "முதல்ல வழுக்குது. அப்புறம்தான் குளிருது" என்றாள்.

அது நிறையப் பேருக்குப் பிடித்துப்போயிற்று. தென்காசியிலிருந்தும் துபாயிலிருந்தும் கேட்டார்கள். ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் வீட்டில் குரல் கொஞ்சம் மெலிந்தது. காலையில் அவள் முணுமுணுக்கும் பாட்டு முதலில் நின்றது. பிறகு ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் சமையலறைக்குக் கேட்கவில்லை. எஸ்தர் அரிவாள்மணையை ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். ஊர் கேட்கும் பதிவு அவர்களுக்கும் போனில் கேட்டது. ஆனால் கூப்பிட்டால் அது திரும்பிப் பேசாது.

ஒரு நாள் மாசிலாமணி, மகளுடைய கெயின் திருகைப் பாதியாகக் குறைத்துவைத்தார்.

"அப்பா, கெயினைக் குறைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"ஏத்திடுங்கப்பா. கேக்கறவங்க ரொம்பக் கஷ்டப்படுறாங்களாம்."

அவர் இரண்டு விரலால் திருகைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு ஏற்றினார்.

கடைசிப் பதிவுக்கு எஸ்தரை வரச் சொன்னாள் பெனிட்டா. எஸ்தர் நொய்க்கஞ்சி வைத்துக் கிண்ணத்தில் எடுத்துவந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். பெனிட்டா கடைசியாகச் சாப்பிட்டது அதுதான்.

"அன்னைக்கு உப்பு போட்டீங்களாம்மா?"

"போட்டேன்மா. உனக்குத்தான் வாய் கசந்துச்சு. துப்பிட்டே."

"இப்ப எப்படியிருக்கு?"

எஸ்தர் ஒரு வாய் குடித்தாள். "நல்லாயிருக்கு. உப்பு சரியாத்தான் இருக்கு."

அடுத்த கேள்வி வரவில்லை. மிக்ஸரில், குரல் வந்தால் எரியும் பெனிட்டாவின் பக்கத்துப் பச்சை விளக்கு அணைந்திருந்தது. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை மெல்லக் குடித்து முடித்தாள். மாசிலாமணி பதிவை நிறுத்தவில்லை. கரண்டி கிண்ணத்தில் படும் சத்தமும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேசினாலும் ஜன்னலைப் பார்த்துப் பேசிவிட்டு, நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது, குரலைப் போலவே இத்தனை வருஷமும் எங்கோ தனியாக வளர்ந்திருந்த பெனிட்டாவின் உயரம் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது.

"எங்க பக்கத்து உயரம்" என்றாள் எஸ்தர். "என் தம்பி இப்படித்தான்."

அவள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். நிலை இடிக்காமல் இருக்க அது குனிந்து உள்ளே வந்தது. கட்டில் அதற்குப் போதாது என்று பார்த்ததுமே தெரிந்தது. மாசிலாமணி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, நீளமாக ஒரு பாய் வாங்கிவரப் புறப்பட்டார்.