கழற்றிப் பார்த்த செடி

முதலில் மஞ்சளானது எந்த இலை என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஒருநாள் நடு இலை என்று தோன்றுகிறது. இன்னொரு நாள் ஓர இலை என்று. மஞ்சளானது நிச்சயம். அதைப் பார்த்து லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை கால் ஓடவில்லை என்பதும் நிச்சயம்.

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போனபோது சண்டை எதுவும் போடவில்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டு, ஜன்னலோரம் கத்திபோல் நிமிர்ந்து நின்ற ஸ்நேக் பிளான்ட் செடியைக் காட்டினாள்.

“இதுக்குப் பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம். இதையாவது கவனிச்சுக்குங்க. இது உசிரோட இருந்தா, திரும்பி வர்றதைப் பத்தி யோசிக்கிறேன்.”

ஒன்றும் பண்ண வேண்டாம், ஆனால் கவனிக்க வேண்டும். அது எப்படி? ஓடுகிற எந்திரத்தில் கை வைக்கக்கூடாது என்பதுதான் அவன் தொழில் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான் இருந்துவிட்டான். சத்தம் வராதவரை எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நினைத்தான்.

மச்சினிக்கு ஃபோன் போட்டான்.

“தண்ணி அதிகமானா மஞ்சளாகும் அத்தான்.”

“அப்போ ஊத்தாம விடுறேன்.”

“ஊத்தலைன்னாலும் மஞ்சளாகும்.”

“விளையாடுறியா? ரெண்டுக்கும் ஒரே மஞ்சளா?”

“அக்காகூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவருக்கு இது கூடவா தெரியல?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

லிஃப்டில் பேரிங் போனால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் வேறு சத்தம். இது வாயே திறக்கவில்லை. வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பிறகு, கோளாறு பிடிபடாதபோது எப்போதும் செய்வதைச் செய்தான். கழற்றினான்.

செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தான். மண்ணை உதறி, வேரை வாளியில் அலசி, கிழங்கைக் கத்தியால் பகுதி பகுதியாகப் பிரித்து, திரும்பப் பூட்ட வசதியாக வரிசையில் அடுக்கினான். ஒரு துண்டு மட்டும் கொழகொழவென்றிருந்தது. மற்றவை கெட்டி. அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை.

மச்சினி என்ன சொல்லி அனுப்பினாளோ, மாலையில் மனைவி வாசலில் நின்றாள்.

“ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“கோளாறு எங்கேன்னு தெரியல. அதான் பிரிச்சேன்.”

“செடியைப் போய் யாராவது கழட்டுவாங்களா?”

“தெரியல.” மண் அப்பிய கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. “நீ ஏன் போனேன்னும் தெரியல. கேட்டிருக்கணும். எப்படிக் கேக்குறதுன்னே தெரியல.”

அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, கொழகொழத்த துண்டை ஒதுக்கினாள்.

“பழைய டம்ளர் இருந்தா கொண்டாங்க. மறுபடி ஒரே தொட்டியில திணிக்காதீங்க.”

அழுகிய துண்டு குப்பைக்குப் போனது. மற்றவை வேர்பிடித்தன, ஒன்றை மச்சினி எடுத்துக்கொண்டாள். மனைவி அந்த வாரக் கடைசியில் பெட்டியோடு திரும்பினாள். போன காரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மெக்கானிக்குக்குப் பாதிதான் விளங்கியது. தண்ணீர் கூடியதா குறைந்ததா என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.