இரண்டு அம்புகள் பட்ட கிடா

பாதை தொடங்கும் இடத்தில் பத்தொன்பது வண்டிகள் நின்றன. ரோண்டா கீழே இறங்காமலே எண்ணிவிட்டாள். டெக்சாஸ், மினசோட்டா, ஜார்ஜியா. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். இருபதாவதாகத் தன் வண்டியை ஒரு பைன் மரத்தடியில் சாய்வாகச் சொருகிவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினாள்.

கணவன் கிளிண்ட் இல்லாமல் அவள் வேட்டைக்கு வருவது இதுவே முதல் தடவை. மார்ச் மாதம் அவனுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. இனி அந்தக் கை வில்லைப் பிடிக்காது. வருடா வருடம் செப்டம்பரில் ஒரு எல்க் மானை அடித்துக் கொண்டுவந்து ஃப்ரீசரை நிரப்பினால் அடுத்த செப்டம்பர் வரை அவர்களுக்குக் கறிக் கவலை இருக்காது. இந்தத் தடவை ஃப்ரீசர் ஜூலையிலேயே காலி. மீக்கர் ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ரோண்டா ஐந்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் கூட்டம் குறையும் என்று நினைத்தாள். குறையவில்லை. பதினொரு கிலோமீட்டர் ஏறி, மேல் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அங்கேயும் ஒரு பச்சைக் கூடாரம். அதன் முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சின்ன அடுப்பில் காபி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நீங்களும் ஆளில்லாத இடம் தேடித்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"நானும்தான். விஸ்கான்சின்ல இருந்து ரெண்டு நாள் வண்டி ஓட்டி வந்தேன். இந்த மலையில எல்க்கை விட எல்க் மாதிரி கத்துறவன்தான் ஜாஸ்தி. காலையில ஒருத்தன்கூட ஒரு மணி நேரம் மாத்தி மாத்திக் கூவினேன். கிட்டப் போய்ப் பார்த்தா தாடி வச்சிருக்கான்!"

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெயர் குர்ட் லிண்ட்வெர். பால் பண்ணைகளில் கறவை இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக வருகிறார், இன்னும் ஒரு எல்க் கூட அடித்ததில்லை. ஒரு தம்ளர் காபி கொடுத்தார். நாளைக்கு அவர் ஓடைக்குத் தெற்கே போவது, அவள் வடக்கே போவது என்று பேசிக்கொண்டார்கள். மனுஷர் பரவாயில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது.

முதல் இரண்டு நாளும் வீண். எந்தக் கூவலைத் தேடிப் போனாலும் அதன் முனையில் ஒரு மனிதன் எல்க் போலக் கூவி மானை வரவழைக்கும் குழலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். மான்கள் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில், ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஓர் எல்க் கிடா தானாகவே வந்தது. நல்ல பெரிய கிடா. முப்பது அடி எடுத்து வைக்கும் தூரம். அவள் வில்லை இழுத்துப் பிடித்தாள். அம்பு விரலை விட்ட அதே நொடியில் மேட்டுக்குக் கீழே யாரோ குழலை ஊதினான். கிடா ஓர் எட்டு முன்னால் வைத்தது. அம்பு பட்ட சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஈரச் சாக்கை அடித்தது போல இருந்தது.

கிடா முதுகைக் கூன் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து மறைந்தது. ஊடுருவிப் போன அம்பு புல்லில் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். ரத்தம் கொஞ்சம்தான். மீதி பச்சையாக, சாணி வாடையோடு இருந்தது. வயிறு.

வயிற்றில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். விட்டுவிட்டால் கிடா நூறு இருநூறு அடியில் படுத்துவிடும், அங்கேயே சாகும். பின்தொடர்ந்தால் எழுந்து மைல் கணக்கில் ஓடும்.

உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஆனது. கீழே குழல் ஊதியவன் இப்போது இன்னும் கிட்டத்தில் ஊதினான். வலப்பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டே ஏறுவது கேட்டது. எட்டு மணி நேரத்தில் இந்தக் காட்டை எத்தனை கால்கள் மிதிக்கும்? படுத்துக் கிடக்கும் கிடாவை யாராவது எழுப்பிவிட்டால்? யாராவது தன் டேக்கை, வேட்டை உரிமச் சீட்டை, அதில் கட்டித் தனதாக்கிக்கொண்டால்? ஒரு மணி நேரம்கூட முடியவில்லை, அவள் எழுந்துவிட்டாள்.

எழுப்பியது அவள்தான். விழுந்து கிடந்த மரங்களுக்கு அப்பால் ஒரு பழுப்பு முதுகு துள்ளி எழுந்து ஓடைப்பக்கம் தெற்கே பாய்ந்தது. அவள் ஓடினாள், வழுக்கினாள், மறுபடி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஓர் ஆள் சந்தோஷத்தில் போட்ட கூச்சல் கேட்டது.

போய்ப் பார்த்தால் குர்ட். கிடா அவர் காலடியில் செத்துக் கிடந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"ரோண்டா! பாத்தீங்களா? நேரா என்னைப் பாத்து வந்துச்சும்மா!"

"அது என் கிடா," என்றாள் ரோண்டா.

அவர் முகம் மாறியது. "என்ன சொல்றீங்க?"

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே நான் அடிச்சுட்டேன். இதோ பாருங்க, பின்னால ஓட்டை."

அவர் குனிந்து பார்த்தார். விலாவுக்குப் பின்னால், வயிற்றோரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. "இது வயித்துல பட்டதுல்ல? என் அம்பு நெஞ்சுல பட்டிருக்கு. என் கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு."

"அது வெளிய வந்த ஓட்டை. உள்ள போனது அந்தப் பக்கம் தோளுக்குப் பின்னால. சாய்வா நின்னுச்சு. நுரையீரல்ல பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்து விழுந்திருக்கு."

"அப்ப உங்க அம்பு எங்க? காட்டுங்க."

"கிடைக்கலை."

அம்பு அவள் மூட்டைக்குள்தான் இருந்தது, புல்லில் துடைக்கப்பட்டு. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

"புரட்டிப் போட்டு, அறுத்துப் பாத்துருவோம்," என்றார் குர்ட். கத்தியை உருவினார்.

"தொடாதீங்க! வேட்டைக் காவலரை வரச் சொல்றேன். அதுக்குள்ள கத்தி வச்சீங்கன்னா சாட்சியை அழிச்சீங்கன்னு சொல்லுவேன்."

வெளியூர்க்காரர், சட்டம் தெரியாதவர். பயந்துபோய்க் கத்தியை உறையில் போட்டார். ரோண்டா சாட்டிலைட் கருவியில் கிளிண்டுக்கு எழுதினாள்: காவலரைக் கூப்பிடு, தகராறு. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'கூப்பிட்டுட்டேன். குதிரையில வரணும், சாயங்காலம் ஆயிடும். அம்பு எங்க பட்டுது?'

'நுரையீரல்' என்று எழுதினாள்.

வெயில் ஏறியது. செப்டம்பரில் அப்படியொரு வெயில் கூடாது. ஈக்கள் வந்தன. இருவரும் கிடாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு பையன்கள் அந்த வழியாக வந்து, கிடாவையும் இவர்களையும் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். பதினொரு மணிக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. குடலை எடுக்காத எல்க் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கனத்த தோல் சூட்டை வெளியே விடாது. தொடை எலும்பைச் சுற்றித்தான் முதலில் புளிக்கும்.

பன்னிரண்டு மணிக்கு அவளே வாயைத் திறந்தாள். "சரி, குடலையாவது எடுத்துருவோம். கறி வீணாப் போகுது."

"நீங்கதானே தொடாதன்னீங்க?" குர்ட் அவளைப் பார்க்காமலே சொன்னார். "எடுத்தப்புறம் ஓட்டை எங்க இருந்துச்சுன்னு நீங்க என்ன வேணா சொல்லுவீங்க. வரட்டும். அவர் வந்து பாக்கட்டும்."

"அழுகிப் போயிரும், குர்ட்."

"போகட்டும்மா."

அப்போது மூட்டையைத் திறந்து அம்பை எடுத்துக் காட்டியிருக்கலாம். கை மூட்டை வரைக்கும் போனது. காலி ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. ஒரு கையால் சட்டைப் பொத்தானோடு போராடும் கிளிண்ட் நினைவுக்கு வந்தான். கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது.

காவலர் யார்பரோ வந்தபோது மணி நாலரை. குதிரையை மரத்தில் கட்டிவிட்டு வந்தவர் வாடை பட்டதும் நின்றுவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினார். மூன்று பேருமாகக் கிடாவைப் புரட்டினார்கள். அந்தப் பக்கம் தோளுக்குப் பின்னால் எந்த ஓட்டையும் இல்லை. வயிற்றில்தான் இருந்தது.

யார்பரோ நெஞ்சைக் கிழித்துப் பார்த்தார். "முன் அம்பு ரெண்டு நுரையீரலையும் துளைச்சிருக்கு. பின் அம்பு வெறும் வயிறு." ரோண்டாவைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

அவள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்பு எங்கம்மா?"

மூட்டையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு குர்ட்டிடம் நீட்டினார். குர்ட் வாங்கவில்லை.

"கிடா உங்களோடது சார், டேக்கைக் கட்டுங்க. ஆனா ஏழரை மணி நேரம் ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து ஒரு மிருகத்தை அழுக விட்டிருக்கீங்க. இதுக்கு ரெண்டு பேருக்கும்தான் நான் அபராதம் எழுதணும்." எழுதினார். ரோண்டாவுக்குப் பொய் சொன்னதற்கும் சேர்த்து.

பின்னந்தொடைகள் இரண்டும் பச்சை பூத்திருந்தன. முன் சப்பைகளும் கழுத்தும் ஓரளவு தேறின. முதுகுக் கறியில் பாதி. வாழ்க்கையின் முதல் எல்க்கைக் குர்ட் அப்படித்தான் அறுத்தார், அவ்வப்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"நான் தூக்கிட்டு வர்றேன்," என்றாள் ரோண்டா. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். சும்மா கீழ வரைக்கும்."

"நீங்க போங்கம்மா."

"பதினோரு கிலோமீட்டர். தனியா மூணு நடை ஆகும் உங்களுக்கு."

"போங்கன்னு சொன்னேன்ல!" அவர் குரல் உடைந்தது. "உங்களுக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதியைக் கொடுத்திருப்பேனே. நான் ஒத்தை ஆளு, இவ்வளவு கறியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?"

மறுநாள் காலை அவள் கூடாரத்தைப் பிரித்து இறங்கினாள். வழியில் எதிரே ஏறி வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் போயிற்று. கீழே அவள் வண்டிக்குப் பின்னால் வேறொரு வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவன் கேட்டான்: "கிளம்புறீங்களா? இடம் காலியாகுதா? மேல எல்க் சத்தம் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு," என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கிளிண்ட் வாசலிலேயே நின்றிருந்தான். வண்டியின் பின்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். அடுக்களை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்பை மோந்ததை, துடைத்ததை, அவனுக்கு எழுதிய அந்த ஒரு சொல்லை. எதையும் விடவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவன் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"எவ்வளவு நேரம் காத்திருந்தே?"

"ஒரு மணி நேரம்கூட இல்ல. சுத்தி ஆளுங்க, கிளிண்ட். எப்படி உக்காந்திருக்கிறது?"

அவன் நல்ல கையால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நானா இருந்தாலும் உக்காந்திருக்க மாட்டேன்," என்றான்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை, இதே மாதிரி வயிற்றில் பட்ட கிடாவுக்காக, ஆலங்கட்டி மழையில் நெருப்புகூட மூட்டாமல் ஒன்பது மணி நேரம் அவன் ஒரு பாறையடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே அவளும் இருந்தாள். அது அவனுக்கும் நினைவிருக்கும். அவள் எழுந்து போய் அவனுக்குச் சாப்பாடு சூடு பண்ணினாள்.