நான்காம் கட்டிலுக்கு ஒரு பேச்சுத்துணை

மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், நர்ஸ் பெரியவரைத் தனியே அழைத்தார். "இந்த வயசுல ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்குத் திடீர்னு புத்தி தடுமாறும் ஐயா. முடிஞ்ச வரைக்கும் வராம பாத்துக்கலாம். கண்ணாடி, காதுக் கருவி ரெண்டையும் போட்டுவிடுங்க. தண்ணி குடிக்க வைங்க. பகல்ல ரொம்பத் தூங்கவிடாம உக்கார வெச்சுப் பேச்சுக் குடுங்க."

பேச்சில்தான் சிக்கல். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வாயைத் திறக்காமலே குடும்பம் நடத்தியவர். "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை" என்றார் மனைவியிடம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அங்கே வந்து புகுந்தார் வார்டு உதவியாளர். ஐம்பது வயது, ஓயாத வாய். வார்டே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிட்டது.

"அக்கா, மணி பத்து, வெளியில நல்ல மழை. ஏழாம் கட்டில்காரர் பல்செட்டைக் காணோம்னு ஒரே ரகளை. பாத்தா வாய்லயே இருக்கு."

"சிரிக்க வைக்காதேப்பா, வலிக்குது" என்று அவள் குலுங்கினாள். பெரியவருக்கு வயிறு எரிந்தது. தன் பேச்சுக்கு அவள் இப்படி என்றைக்குச் சிரித்தாள்?

மறுநாள் கண் விழித்ததும், "ரேடியோ இன்னும் வரலையாங்க?" என்றாள்.

அவ்வளவுதான். பதினொரு மணிக்கு ரேடியோ தலைகாட்டியபோது, "தூங்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பெரியவர் திரையை இழுத்துவிட்டார். அவளுடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் கழற்றி வைத்தார். அவள் பகல் முழுக்கத் தூங்கினாள். இன்றைக்கு இவள் எனக்கு மட்டும்தான் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் விழித்தவள் அவரைக் கண்டு மிரண்டாள். "யாருங்க நீங்க? என் வீட்டுக்காரர் வர்ற நேரம், எந்திரிச்சுப் போங்க." கட்டிலை விட்டு இறங்கவும் பார்த்தாள்.

நர்ஸ் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கச் சொல்லி, வலி மருந்தையும் சரிபார்த்தார். "மத்தியானத்துல இருந்து ஒரு வாய் தண்ணி கூடப் போகலையே ஐயா" என்றார் நர்ஸ். அதட்டியிருந்தால் கூடப் பெரியவர் தாங்கியிருப்பார்.

தானே போய் ரேடியோவைத் தேடிப் பிடித்தார். "திரையை இழுத்தது அவ தூங்கறதுக்காக இல்ல. எனக்குப் பொறாமை" என்றார். ரேடியோ கையிலிருந்த வாளியை ஓரமாக வைத்தார். பிறகு, "வாங்க சார், போவோம்" என்றார்.

அவளுக்குப் புத்தி தெளிய இரண்டு நாள் ஆயிற்று. ரேடியோ பேசினார், பெரியவர் தண்ணீர் புகட்டினார். ரேடியோ இல்லாத நேரத்தில் அவரும் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கினார்.

"ஒரு சமையல் புத்தகத்துல 'உப்பு ஒரு பிடி'ங்கறதுல 'பி'யோட கொக்கி விட்டுப்போச்சு. 'உப்பு ஒரு படி'ன்னு அச்சாகியிருக்கும். நான்தான் புடிச்சேன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதையெல்லாம் இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரேடியோ எட்டிப் பார்த்தார். "என்ன சார் ஜோக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

"உங்களுக்கு இல்ல" என்றார் பெரியவர்.