நிழல்களுக்குத் தண்ணீர் காட்டிய கிணறு

சாட் நாட்டின் வாதி அச்சீம் சமவெளியில் வாள்கொம்பு மான்கள் அற்றுப்போய் முப்பது ஆண்டுகள் ஆன பிறகும், அவற்றின் நிழல்களில் இருபத்திரண்டு மட்டும் பீர் ஹம்ரா கிணற்றைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. மான் இருந்த காலத்தில் அது கழுதை உயரம். வெள்ளை உடம்பு, செம்மண் நிறக் கழுத்து, நெற்றியிலிருந்து முதுகுவரை பின்னால் வளைந்த இரண்டு கொம்பு. நிழல்களிடம் அந்த வெள்ளையும் செம்மண்ணும் இல்லை. கொம்பு மட்டும் மணலில் வரைந்ததுபோலத் தெரியும். காலையில் அவை நீளமாகப் போய் மேயும், உச்சிவெயிலில் பாய் அளவுக்குச் சுருங்கிப் படுக்கும், மாலையில் மறுபடி நீண்டு கிணற்றடிக்கு வரும். மரமில்லாத இடம் என்பதால் பெண்கள் கைக்குழந்தைகளை அவற்றின்மேல் கிடத்திவிட்டுத் தண்ணீர் இறைப்பார்கள். ஒருமுறை வழிப்போக்கன் ஒருவன் விளையாட்டாக ஒரு நிழலைத் துப்பாக்கியால் சுட்டான். அதன் விலாவில் காசு அளவுக்கு ஒரு வெயில் பொட்டு ஒரு வாரம் இருந்தது, பிறகு ஆறிவிட்டது.

ஒரு காலத்தில் எல்லாக் கிணற்றடியிலும் நிழல்கள் இருந்தன. போர் நடந்த ஆண்டுகளில் துப்பாக்கி பூட்டிய வண்டிகள் மந்தை மந்தையாக மான்களைச் சுட்டுத் தள்ளின, மிச்சத்தை வறட்சி பார்த்துக்கொண்டது. நிழல்கள் மட்டும் போக இடமில்லாமல் அங்கங்கே நின்றன. ஆனால் நிழலுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று கோடையில், துவைத்துத் துவைத்துச் சாயம் போன கறுப்புத் துணிபோல வெளுத்து, நாலாவது கோடையில் மணலோடு மணலாகிவிடும். மற்றக் கிணற்றுக்காரர்கள் தங்கள் ஒட்டகங்களுக்கே தண்ணீர் போதாதபோது நிழலுக்கா இறைப்போம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பீர் ஹம்ராவில் அவை பிழைத்ததற்கு ஒரே காரணம் மஸ்தூரா.

மஸ்தூராவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்தப் பெரிய வறட்சி வந்தது. ஒட்டகங்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து செத்தன. அவளுடைய வாப்பா இஸ்ஸாக்கா கொம்மட்டிக் காய் படர்ந்த ஒரு பள்ளத்துக்கு இரண்டு நாள் தடம் பிடித்துப் போய், அங்கே தனியாக நின்ற ஒரு பெட்டை மானைச் சுட்டுக்கொண்டு வந்தார். வலது கொம்பின் நுனி ஒடிந்த மான். வயிற்றில் குட்டி இருந்தது. அந்த இறைச்சியைக் காயவைத்து ஆறு பிள்ளைகள் நாற்பது நாள் தின்றார்கள், மஸ்தூராவும் தின்றாள், உயிரோடு இருந்தாள். தோலை நீளவாக்கில் அரிந்து முறுக்கிக் கிணற்றுக் கயிறாக்கினார் இஸ்ஸாக்கா. அதுதான் அந்தச் சமவெளியின் கடைசி மான் என்று அவருக்குத் தெரியாது. கடைசி என்று எதன் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. ஆனால் அதன் நிழல் இறைச்சிக்குப் பின்னாலேயே நடந்து வந்து கூடாரத்து வாசலில் படுத்துவிட்டது, வயிறு புடைத்தபடி. அதைத் தேடிக்கொண்டு மற்ற இருபத்தொன்றும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இஸ்ஸாக்கா சாகும்வரை அந்த ஒரு நிழலில் கால் வைத்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போவார்.

அவர் சாகும்போது மஸ்தூராவுக்குப் பதினைந்து வயது. அதுவரை நிழல்களுக்குத் தானே தண்ணீர் காட்டிவந்தவர், கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் அமானிதம்மா. நம்மகிட்ட ஒப்படைச்சது. கேட்டு வர்றவங்க வர்ற வரைக்கும் தண்ணி காட்டு."

"யாரு வாப்பா கேட்டு வருவாங்க?"

"அது எனக்குத் தெரிஞ்சா நானே கொண்டுபோய்க் குடுத்திருக்க மாட்டேனா?"

அன்றிலிருந்து அவள் தினமும் மாலையில் தனியாக ஒரு தொட்டி நிரப்பினாள். நிழல்கள் குனிந்து குடிக்கும்போது தண்ணீர் ஒரு நொடி கறுத்துத் தெளியும், விரல் அளவு குறைந்திருக்கும். ஹம்தான் என்பவன் பெண் கேட்டு வந்தபோது அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்: கோடையில் குலம் முழுக்கத் தெற்கே புல் தேடிப் போனாலும் தான் கிணற்றை விட்டு நகரமாட்டாள். ஹம்தான் அதிகம் பேசாத மனிதன், ஒத்துக்கொண்டான். அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் தம்பி பிஷாரா இருந்தான். அண்ணன் பெண்டாட்டியைச் சீண்டாவிட்டால் பிஷாராவுக்குக் குடித்த தேநீர் செரிக்காது.

கிணற்றில் நீர் அடியோடு இறங்கிப்போன ஒரு கோடையில் ஆண்கள் கூடிப் பேசி, இனி நிழலுக்கு ஒரு வாளிகூடக் கிடையாது என்று முடிவு சொன்னார்கள். சொல்ல வந்தவன் பிஷாரா.

"ஏன் மதினி, நிழலுக்குத் தாகம் எடுக்கும்னா வெயிலுக்குப் பசி எடுக்காதா? அதுக்கும் ஒரு வட்டல் கஞ்சி ஊத்தி வையேன்."

"அதுக்குத்தான் உன் மூளையை வெளிய காயப்போட்டு வச்சிருக்கியே, இன்னுமா பசி அடங்கல?"

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள், ஆனால் முடிவு மாறவில்லை. மஸ்தூரா வாதாடவும் இல்லை. தனக்கு அளந்து கொடுத்த தண்ணீரில் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினாள். அந்தக் கோடை முழுக்க அவள் குளிக்கவில்லை. தொழுகைக்கு மார்க்கம் அனுமதித்தபடி மணலைத் தொட்டுத் தடவிக்கொண்டாள். உதடு வெடித்து, தலை சிக்குப் பிடித்து, நாற்றம் தாங்காமல் ஆடுகளே விலகிப் போயின என்று பிஷாரா பிற்பாடு சொல்லித் திரிந்தான், அதில் பாதி உண்மை. மழை வந்தபோது அவள் எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டும் இருந்தன, ஒன்றுகூட வெளுக்கவில்லை. அந்த வருஷம் முதல்தான் அவள் மோவாயைச் சற்றே தூக்கி நடக்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த மோவாய் அது.

பிறகு ஒரு நாள் தலைநகரிலிருந்து அல்லாமின் என்ற அதிகாரி வண்டியில் வந்தார். நாட்டில் உள்ள காட்டு விலங்குகள் ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கிறவர். கிணற்றடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பட்டியலைப் படித்துக் காட்டினார். முறுக்குக்கொம்பு மானுக்கு மிகவும் ஆபத்தான நிலை என்று எழுதியிருந்தது. சிறுத்தைப்புலி, பாலைவனத்துச் சின்னமான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, குள்ளநரிக்கு வந்தபோது "கவலை குறைந்தது" என்றார்.

"நரியைப் பத்திக் கவலையில்லையா?" என்றாள் மஸ்தூரா. "போன மாசம் என் ரெண்டு ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சே, அந்தக் கவலையை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். வாள்கொம்பு மான், இயற்கையில் அற்றுப்போனது. வேலி போட்ட வளாகங்களில் வெளிநாட்டில் கொஞ்சம் இருக்கிறது, சொந்த மண்ணில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லையா?"

"ஆதாரம் வேணும்மா. ஆதாரம் இருந்தா நான் எழுதிக்கறேன்."

"ஆதாரம் உங்க காலடியிலதான் படுத்திருக்கு. காலைக் கொஞ்சம் எடுங்க, பாவம், மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க."

அல்லாமின் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். தெரியாமல் மிதித்துவிட்டதாக நிழலிடம் மன்னிப்பும் கேட்டார், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த மனிதர். மாலையில் தொட்டி கறுத்துத் தெளிவதையும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் அவருடைய தாளில் நிழலுக்கென்று கட்டம் எதுவும் அச்சாகியிருக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் "22, நல்ல நிலை" என்று எழுதிக்கொண்டார்.

மஸ்தூராவுக்கு நாற்பது வயதானபோது மான்கள் வந்தன. வெளிநாட்டு வளாகங்களில் பிறந்தவை, விமானத்தில் ஏறி வந்தவை, இருபத்தொன்று. பீர் ஹம்ராவிலிருந்து இரண்டு நாள் நடைதூரத்தில் வேலி போட்டு அதற்குள் விட்டிருந்தார்கள். மழை பெய்து புல் முளைத்ததும் கதவைத் திறந்துவிடுவதாகத் திட்டம். பிஷாராவுக்கு அங்கே காவல் வேலை கிடைத்திருந்தது. கதவு திறந்த நாலாம் நாள் அவன் ஒட்டகத்தை விரட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அன்று அவனிடம் கிண்டல் இல்லை.

"மதினி, கதவைத் திறந்து மூணு நாளாச்சு. ஒண்ணுகூட வெளிய கால் வைக்கல. அப்படியே நிக்குதுங்க. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து காதுல தொங்குற நம்பரைப் பார்க்கறாங்க, பல்லைப் பார்க்கறாங்க. காலடியில யாரும் பார்க்கல. நான் பார்த்தேன்."

"என்ன பார்த்தே?"

"ஒண்ணுமே இல்ல மதினி. வெறும் மணல். நிழல் பிறந்த ஊர்லயே நின்னுபோச்சு போல. புல்லு காயறதுக்குள்ள போகலைன்னா திரும்ப ஏத்தி அனுப்பிருவாங்களாம்."

கேட்டு வருகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று மஸ்தூராவுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தாள், வந்தபோது அழுகையும் வந்தது. அழுது முடித்துவிட்டுக் கூடாரத்துக் கம்பத்திலிருந்து வாப்பாவின் தோல் கயிற்றை எடுத்தாள். கிணற்றுக்கு நைலான் கயிறு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனாலும் இதற்கு வருஷா வருஷம் நெய் தடவி வைத்திருந்தாள். அதைத் தண்ணீரில் நனைத்து மணலில் இழுத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். கயிற்றின் வாசனை தெரிந்த நிழல்கள் பின்னால் வந்தன. இரண்டு நாளும் வழியில் பார்த்தவர்கள் ஒட்டகத்தை நிறுத்தி இறங்கி நின்றார்கள். ஒரு லாரி ஓட்டுநர் வண்டியைப் பாதையை விட்டு ஒதுக்கி, மந்தை கடக்கும்வரை விளக்கைக்கூடப் போடவில்லை. மஸ்தூரா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, மோவாய் மட்டும் வழக்கத்தைவிட ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது.

கதவில் அல்லாமின் நின்றார், நரைத்திருந்தார்.

"உள்ள யாரும் போகக்கூடாதும்மா, சட்டம்."

"நான் போகல. இதுங்க போகும். இதுங்களுக்குச் சட்டம் இருக்கா?"

அவர் பையிலிருந்த பட்டியலை எடுக்கப் போனார், பிறகு வேண்டாம் என்று விலகி நின்றார். நிழல்கள் உள்ளே போயின. எதற்கு எது என்பதில் குழப்பமே இல்லை. ஒவ்வொரு நிழலும் நேராக ஒரு மானிடம் போய்க் குளம்புகளோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் அந்த மான் உடம்பைச் சிலிர்த்து, காற்றை முகர்ந்து, கொம்மட்டி எங்கே படரும் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்ததுபோலக் கதவைத் தாண்டி வடக்கே நடந்தது. சாயங்காலத்துக்குள் வளாகம் காலியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். பிஷாரா அதைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. கொம்பு ஒடிந்த, வயிறு புடைத்த அந்த நிழல் காலியான வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மஸ்தூராவின் பக்கத்தில் நின்றது. ஊரார் பொறுப்பெல்லாம் ஒப்படைத்தாயிற்று, தன் வீட்டுக் கணக்கு மட்டும் அப்படியே நின்றுபோயிற்று. வாப்பாவை அது இன்னும் மன்னிக்கவில்லை என்றே அவள் நினைத்தாள். திரும்பி நடந்த இரண்டு நாளும் அவள் அந்த நிழலில் கால் வைக்காமல், அவரைப் போலவே சுற்றிச் சுற்றி நடந்தாள்.

தொட்டி நிரப்புவதை அவள் நிறுத்தவில்லை. இருபத்திரண்டுக்கு ஊற்றிய தொட்டியில் ஒன்றுக்கு ஊற்றினாள். அடுத்த குளிர்காலம் முடியும் தறுவாயில், ஒரு நடுப்பகலில், காதில் எண் தொங்கும் ஒரு பெட்டை மான் கிணற்றடிக்கு வந்தது. கூடவே ஒரு கன்று. பிறந்து நாலைந்து நாள் இருக்கும், மணல் நிறம், கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. சமவெளியில் பிறந்த முதல் கன்று அது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தாயின் காலடியில் நிழல் இருந்தது, கன்றின் காலடியில் இல்லை.

கூடாரத்து வாசலில் இத்தனை ஆண்டும் படுத்திருந்த நிழல் எழுந்தது. மஸ்தூராவின் பாதத்தின்மேல் ஏறித்தான் போயிற்று. அதன் குளிர்ச்சியை அவள் அன்றுதான் முதல்முறை உணர்ந்தாள். நேராகப் போய்க் கன்றின் நான்கு குளம்பிலும் ஒட்டிக்கொண்டது. கன்று திடுக்கிட்டுத் துள்ளியது, நிழலும் துள்ளியது. ஆட்டுக்குட்டி அளவு கன்றுக்குக் கீழே, நீண்ட கொம்பும் பெருத்த வயிறுமாக முழுசாக வளர்ந்த ஒரு மானின் நிழல்.

விடுப்பில் வந்திருந்த பிஷாரா, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "மதினி, இது அளவே இல்லியே! வாப்பா சட்டையைப் பிள்ளைக்கு மாட்டின மாதிரி தொங்குது."

"வளர்ற பிள்ளைக்குக் கொஞ்சம் தொளதொளன்னுதான்டா எடுக்கணும்," என்றாள் மஸ்தூரா. "நாலு வருஷம் போட வேண்டாமா?"

அப்படியே ஆயிற்று. கன்று வளர்ந்து நிழலை நிரப்பியது, மூன்றாம் வருஷம் ஈன்றது, அன்று நிழலின் வயிறும் இறங்கியது. அதற்குப் பின் பிறந்தவை எல்லாம் நிழலோடேயே பிறக்கின்றன. அல்லாமின் ஓய்வு பெறுவதற்கு முன் ஒருமுறை புதிய பட்டியலோடு வந்து, வாள்கொம்பு மான் இப்போது "அற்றுப்போனது" இல்லை, "ஆபத்தில் உள்ளது" என்று படித்துக் காட்டினார். ஆபத்தில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை என்று சொல்லி மஸ்தூரா அவருக்கு மூன்றாவது கோப்பைத் தேநீர் ஊற்றினாள். தோல் கயிறு இப்போது இஸ்ஸாக்காவின் கல்லறைமேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பீர் ஹம்ராவில் இப்போது உச்சிவெயிலுக்கு ஒதுங்க ஓர் அடி நிழல் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, இங்கே நிழலே இல்லையா என்று சலித்துக்கொள்வார்கள். அது மேயப் போயிருக்கிறது என்று மஸ்தூரா மோவாயை வடக்குப் பக்கம் தூக்கிக் காட்டுவாள்.