வலப்பக்கத்து அறை

1937 ஆவணி மாதம், முதல் வெள்ளிக்கிழமை. லொட்ஜ் என்ற இரகசியச் சங்கத்தின் வாக்குப் பெட்டிக்குள், சங்க வழக்கப்படி இடுப்பில் ஏப்ரன் கட்டிய சண்முகலிங்கம் கையை விட்டார். பெட்டியின் வாயைத் துணி மூடியிருந்தது. உள்ளே இரண்டு அறைகள். மரக்குண்டை இடப்பக்கம் போட்டால் சம்மதம், வலப்பக்கம் போட்டால் மறுப்பு. ஒரேயொரு மறுப்பு போதும், ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.

சேரக் கேட்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி வரதராசா. லொட்ஜில் இருக்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் சண்முகலிங்கமே அவனை முன்மொழிந்திருந்தார்.

நல்ல காரியத்துக்கு இடப்பக்கம் போய்ப் பழகாத கை, தானாக வலப்பக்கம் போனது. குண்டு விழுந்த பிறகுதான் உறைத்தது.

தலைவர் ஒஸ்வால்ட் பெட்டியைத் திறந்தார். சண்முகலிங்கம் வேலை பார்க்கும் கந்தோரிலும் அவர்தான் பெரியவர். வலப்பக்கத்தில் ஒரு குண்டு. சண்முகலிங்கம் பாதி எழுந்தார். ஒஸ்வால்ட் அவரைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தார். யார் எங்கே போட்டார் என்பதை உள்ளேயும் வெளியேயும் சொல்வதில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தவர்கள். சண்முகலிங்கம் கீதையில் கை வைத்துச் செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகலிங்கத்தின் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. லொட்ஜே தள்ளிய பையனில் ஏதோ பிழை இருக்கும், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஆள் படியிறங்கியதும் சிவக்கொழுந்து கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்தானே போட்டனீங்கள்?"

"அதைக் கதைக்கக் கூடாது."

"அடுப்படியில ஒரு நாள் ஏப்ரன் கட்டாத மனுசன், அங்க போய்க் கட்டிக்கொண்டு நிக்கிறார். அவங்கட சத்தியம் பெரிசு, என்ன?"

"விடக்கா," என்று சிரித்தான் வரதராசா. "அத்தான் ஏன் போடப்போறார்? வேற ஆரோ எரிச்சல் பிடிச்சவன்."

சண்முகலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. போடவில்லை என்றால் பொய். போட்டேன் என்றால் லொட்ஜும் போகும், கந்தோரில் நிற்கவும் முடியாது. கை தவறிவிட்டது என்றால் இவள் நம்பவே மாட்டாள்.

சிவக்கொழுந்து சாமியறைக்குள் போனாள். பித்தளைத் தட்டில் கற்பூரம் எரிய வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நான் போடேல்லை எண்டு இதில அடிச்சு, சுடரை நூத்துச் சத்தியம் பண்ணுங்கோ. இல்லாட்டி நான் தம்பியோட போறன்."

வரதராசா சிரிப்பை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்தான். சுடர் தணிந்தது.

"தானா நூரப்போகுது. அடியுங்கோவன்!"