மனசுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

என் வீட்டுக்காரர் நல்லையா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர். இருபத்தெட்டு வருடமாகத் தராசு முள்ளையே பார்த்துப் பார்த்து, முள் காட்டாத எதையும் நம்பாத மனிதராகிவிட்டார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் எத்தனை கிராம் என்பார். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட மாட்டார். பசறையில் வாங்கிய தெர்மாமீட்டரைத்தான் தேடுவார். அது உடைந்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை.

இப்படிப்பட்டவரிடம் மண்சரிவைக் கவனிக்கிற அதிகாரிகள் மழை அளக்கிற போத்தலைக் கொடுத்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. போத்தலைக் கோயிலுக்கு முன்னால் ஒரு கம்பத்தில் கட்டிவைத்தார். காலை ஆறு மணிக்கு அதைக் காலி செய்ய வேண்டும். மழை நாட்களில் மணிக்கொரு தடவை பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். தண்ணீர் நூற்றைம்பது மில்லிமீட்டர் சிவப்புக் கோட்டைத் தொட்டால், கையால் சுற்றும் சைரனைச் சுற்ற வேண்டும். எங்கள் லயத்து வரிசையில் பன்னிரண்டு காம்பரா வீட்டுச் சனமும் கீழே பாடசாலைக்குப் போய்விட வேண்டும். மாரியம்மனுக்குக்கூட அவர் இப்படி நேரம் தவறாமல் கும்பிடு போட்டதில்லை.

போன வருடம் ஒருநாள் கோடு தொடுவதற்கு முன்பே சைரன் சுற்றினார். காரணம் நான். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று நச்சரித்தேன். சனமெல்லாம் பாய், பானையோடு பாடசாலையில் பகல் முழுக்கக் குந்தியிருந்தது. மலை அசையவில்லை. அடுத்த காம்பராக் கந்தப்பன் அன்றிலிருந்து என்னைக் கண்டால், இன்றைக்கு மலை எப்படி இருக்கிறது என்று சுகம் விசாரிப்பான். என் மனசு சொல்வதெல்லாம் நடக்கும் என்று நான் பெருமை பேச வரவில்லை. அது பாதி நாள் சும்மாவும் கத்தும்.

இந்தக் கார்த்திகையில் ஒரு கிழமை விடாமல் பெய்தது. மகள் ஜீவராணி பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள், எட்டு மாதம். பின் காம்பராவில் படுத்திருந்தாள். அந்தச் சுவருக்குப் பின்னால் நாலடியில் மலை. அன்று மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் தானாகப் பின் காம்பராவுக்குப் போய்ப் போய் வந்தது.

"ஏங்க, மனசுக்குச் சரியாப் படல. புள்ளைய கூட்டிக்கிட்டுக் கீழ போயிருவோம்" என்றேன்.

அவர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூணு மணிக்குத் தொண்ணூறு. மனசுக்குச் சரியில்லன்னா அது எத்தன மில்லிமீட்டர் லெச்சுமி?"

ஜீவராணியை மட்டுமாவது அனுப்பலாம் என்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரியை நனைத்து, வழுக்குப் பாதையில் இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மகளும் அப்பா கட்சி. போத்தலைக் காலையில் கவிழ்த்துக் காலி செய்துவிட்டீர்கள், ஒரு கிழமை மழையைக் குடித்த மலையை யார் கவிழ்த்தது என்று நான் கேட்டிருக்கலாம். அது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. காரணம் என்பதும் அதிகாரிகள் மாதிரிதான், எல்லாம் முடிந்த பிறகு வரும்.

அவரிடம் பேசிப் பயனில்லை. அவர் சொல் கேட்பது போத்தல் ஒன்றிடம்தான். சரி, போத்தலையே பேச வைப்போம் என்று முடிவு செய்தேன். ஆனால் மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் காலையிலிருந்து செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. கூரையில் வடிகிற தண்ணீரில் தகரத் துரு. இருந்த ஒரே தெளிந்த தண்ணீர், அவருடைய நாலு மணித் தேத்தண்ணிக்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலில்தான். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கேத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, குடையோடு போய் ஊற்றினேன். சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே ஊற்றினேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் அல்லவா?

நாலு மணிக்கு அவர் போனார். எப்போதும்போல் போத்தலைக் கையால் துடைத்தார். பிறகு வழக்கத்தைவிட நேரம் எடுத்து அப்படியே நின்றார். பிடிபட்டுவிட்டேன் என்று வாசலில் நின்ற நான் காலிக் கேத்தலைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் கொப்பியில் என்னவோ எழுதினார். சைரனை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்.

கந்தப்பன் ஏசிக்கொண்டே இறங்கினான். ஜீவராணியை நாற்காலியில் உட்கார்த்தி நாலு பேர் தூக்கினார்கள். ஐந்தேகாலுக்குப் பாடசாலை வாசலில் நின்று எல்லோரும் பார்த்தோம். மலை ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. ஆறு காம்பராக்களைக் காணவில்லை. எங்கள் பின் காம்பரா முதலில் போனது. நான் மகளின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தை மாதம் பதுளையில் கூட்டம் வைத்து அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மனம் போன போக்கில் போகாமல் அளவீட்டின்படி முடிவெடுத்த உதாரண மனிதர் என்று ஒரு ஐயா அரைமணி நேரம் பேசினார். உணர்ச்சிக்கு இடம் கொடுத்தால் உயிர் போகும் என்றும் சொன்னார். நான்தான் முதலில் கைதட்டினேன். ஜீவராணியின் மடியில் கிடந்த பேத்தி மட்டும் அந்தப் பேச்சுக்கு வீரிட்டு அழுதாள்.

கொப்பியையும் அன்றுதான் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது சும்மா புரட்டினேன். மாலை 4.00, 154 மி.மீ., சைரன் ஒலித்தது. பக்கத்தில் 'வேறு குறிப்பு' என்ற கட்டத்தில் அவருடைய பொடி எழுத்து: 'போத்தல் வெதுவெதுப்பாக இருந்தது.'

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சேதான் சுத்துனீங்களா?"

"மழ சூடாவா பெய்யும்? அன்னைக்கு எனக்குத் தேத்தண்ணியும் வரல."

"அப்ப ஏங்க சுத்துனீங்க?"

சான்றிதழை மடியில் நேராக வைத்துக்கொண்டார். தராசு முள்ளைப் படிக்கிற அதே குரலில் சொன்னார். "இருவத்தாறு வருசத்துல நீ என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. பொய் சொல்ற அளவுக்கு நீ பயந்துட்டேன்னா, அது நூத்தம்பதுக்கு மேலதான்."