இரண்டு நிமிட வயலின்

வயலின்காரன் பகலெல்லாம் ஓர் இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால், அது வேலையே இல்லையாம், வயிற்றுப்பாடாம்; மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்கிற கச்சேரிதான் வேலையாம். அந்தக் கச்சேரிக்கு வரும் பதினைந்து பேரில் ஆறு பேர் அவன் பெண்டாட்டியின் சொந்தக்காரர்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கைபேசியில் பாட்டு வைத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவான்.

அழைப்பவர்கள் காத்திருக்கும்போது ஒலிக்கும் இரண்டு நிமிட வயலின் அவன் வாசித்ததுதான். ஒரு மத்தியானம் வயலினோடு ஒலிப்பதிவுக்குப் போய் ஒரே தடவையில் வாசித்துக் கொடுத்தான். மூன்றாவது வரியில் மேல் சுரம் ஒரு மயிரிழை இறங்கி நின்றது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டார். போன் பண்ணி நெட் வரவில்லை என்று அழுகிற கூட்டத்துக்கு இதுவே ஜாஸ்தி என்று சொல்லிப் பெட்டியை மூடினான்.

அந்தக் கூட்டமோ, நெட்டைத் திட்டுவதற்கு முன்னால் வயலினைத் திட்டியது. இருபது நிமிடம் அதையே கேட்டால் யார்தான் திட்ட மாட்டார்கள்? கடைசியில் மேற்பார்வையாளர் அதைத் தூக்கிவிட முடிவு செய்தார். தினமும் ஆயிரம் பேர் அவன் வாசிப்பைக் கேட்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினான். சாயங்காலத்துக்குள் ஒரே ஒருத்தர் நல்லதாகச் சொன்னால் விட்டுவைப்பதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாலரை மணிக்கு ஓர் அம்மாள் லைனில் வந்தார். வயலின் சொல்லித்தருகிறவராம். எடுத்ததும் அந்த வாசிப்பைப் பற்றித்தான் பேச்சு. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேற்பார்வையாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டான்.

"வாசிச்சது நான்தாம்மா."

"அப்படியா? நல்ல கை உங்களுக்கு. ஆனா மூணாவது வரியில மேல் சுரம் இறங்கியிருக்கு, தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

கச்சேரியில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பத்துச் சாக்கு சொல்லியிருப்பான். இப்போது அந்த அம்மாளின் நெட் கணக்கைத் திரையில் திறந்தான்.

"கேக்கறவங்களுக்குக் காது இருக்காதுன்னு நெனச்சீங்க போல. சரி, என் நெட்டைப் பாருங்க."

பார்த்துச் சரிசெய்தான். அழைப்பு முடிந்ததும், அதை மறுபடி வாசித்துத் தருவதாக மேற்பார்வையாளரிடம் சொன்னான். மெனக்கெட வேண்டாம் என்றார் அவர்.

"அப்ப எடுத்துடுங்க சார்."

"எதுக்குப்பா? நல்ல கைன்னு சொன்னாங்கல்ல. நான் ஒண்ணு சொன்னா மாற மாட்டேன். அது அப்படியே ஓடட்டும்."